ஊர்ச் சபை சொல்லட்டும், திருச்சபை கொடுக்கட்டும்

ஹைட்டியின் மத்தியப் பீடபூமியில் கான்ஜ் என்றொரு மலைக்கிராமம். 1956-இல் பெலிக்ர் அணை எழும்பியபோது ஆற்றங்கரை நிலங்களைப் பறிகொடுத்த விவசாயிகள் மேட்டில் ஏறிக் குடியமர்ந்த ஊர். அணையின் மின்சாரம் தலைநகருக்குப் போனது. மேட்டிலிருந்தவர்கள் குடிதண்ணீருக்குச் செங்குத்துச் சரிவில் இறங்கி, தலைச்சுமையோடு ஏறிவந்தார்கள். 1980-களில் அங்கே பணியாற்றிய பாதிரியார் ஃபிரிட்ஸ் லஃபோன்தானுக்குக் கைகொடுத்த தென் கரோலினா எபிஸ்கோப்பல் திருச்சபையினர், பொறியாளர்களை அனுப்பி அடிவாரத்து ஊற்றுநீரை மேட்டுக்கு ஏற்றினார்கள். பால் ஃபார்மரின் மருத்துவப் பணியால் அந்த ஊர் உலகப் பேர் பெறுவதற்கு முன்பே நடந்த வேலை இது. ஊருக்கு முதல் தேவை தண்ணீர். வந்தவர்கள் அதைச் செய்தார்கள்.

எல்லாத் திருச்சபைக் கூட்டுறவும் இப்படி அமைவதில்லை. ஒரு வாரம் வந்து பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசிப் போகும் குழுக்கள் ஏராளம். அந்த விமானக் கட்டணத்தில் உள்ளூர்க் கொத்தனார்களுக்கு எத்தனை நாள் கூலி கொடுக்கலாம்! மூட்டை மூட்டையாக இறங்கும் பழைய துணி உள்ளூர்த் தையற்காரரின் பிழைப்பில் கைவைக்கிறது.

வெளியார் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை ஹைட்டி விவசாயி பட்டுத் தெரிந்துகொண்டவர். 1980-களின் தொடக்கத்தில் பன்றிக் காய்ச்சலைக் காரணம் காட்டி நாட்டுக் கறுப்புப் பன்றிகள் கொன்றொழிக்கப்பட்டன. கிடைத்ததைத் தின்று வளர்ந்த அந்தப் பன்றிதான் அவருக்குச் சேமிப்பு; பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டுச் சாவுச் செலவுக்கும் அதைத்தான் விற்றார். பதிலுக்கு வந்த அமெரிக்கப் பன்றிகளுக்குச் சிமெண்டுத் தரையும் விலைத்தீவனமும் வேண்டியிருந்தன. 1995-இல் அரிசி இறக்குமதி வரி 3 சதவீதமானது. உள்ளூர் நெல் விவசாயம் நொடிந்தது. அந்தக் கொள்கையை முன்தள்ளிய முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் 2010-இல் அதற்காக வருத்தம் தெரிவித்தார். நிலம் தெரிந்தவரைக் கேட்டிருந்தால் இரண்டையும் தடுத்திருக்கலாம்.

கிராமத்தாருக்குக் கணக்கு வழக்கு தெரியாது, பணம் கரைந்துவிடும் என்பார்கள். 1973-இல் பாப்பாய் என்ற ஊரில் சவான் ஜான்-பாட்டிஸ்ட் தொடங்கிய விவசாயிகள் இயக்கம் இதற்கு நேரடிப் பதில். சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்து மண்ணரிப்பைத் தடுத்தார்கள், மரம் நட்டார்கள், கடன் சங்கம் நடத்தினார்கள். பறை முழங்க ஒருவர் வயலில் எல்லோரும் இறங்கி மண்வெட்டும் ‘கொன்பித்’ வழக்கம் அந்த மண்ணில் தலைமுறைகளாக இருக்கிறது. கூடி வேலை செய்யத் தெரிந்தவர்களுக்குக் கூடி முடிவெடுக்கவும் தெரியும்.

திருச்சபைக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு, அது கசப்பானதும்கூட. பணம் போதகர் ஒருவர் கைக்கு வந்தால், ஆடு யாருக்கு, விதை யாருக்கு என்பதை அவரே தீர்மானிக்கிறார். வேறு சபையைச் சேர்ந்த விதவையும் வோடு வழிபாட்டுக் குடும்பமும் வரிசைக்கு வெளியே நிற்க நேர்கிறது. எல்லா வழிபாட்டினரும் தேர்ந்தெடுக்கும் குழுவின் கணக்கில் பணம் சேர வேண்டும். வரவுசெலவு ஊர்கூடியிருக்கும்போது கிரியோல் மொழியில் உரக்கப் படிக்கப்பட வேண்டும்.

ஆயுதக் கும்பல்கள் சாலைகளைப் பிடித்துக்கொண்டதால் வெளிநாட்டுக் குழுக்களின் வருகை இப்போது அரிதாகிவிட்டது. 2025-இல் கான்ஜுக்கு அருகிலுள்ள மிர்பலே நகரமும் அந்தக் கும்பல்களின் கைக்குப் போனது. போக முடியவில்லை என்று பணத்தையும் நிறுத்துவது அநியாயம். நாட்டின் பெரும்பாலான பள்ளிகள் அரசு நடத்துபவை அல்ல. அவற்றில் பல, திருச்சபைகளை நம்பி இருப்பவை. பார்வையிடும் பயணங்களுக்கு ஒதுக்கிய தொகையை அந்தப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளமாக, அடுத்த சில ஆண்டுகளுக்கென்று வாக்களித்து, இந்தப் பள்ளியாண்டிலிருந்தே அனுப்ப வேண்டும்.