இரண்டாவது அழைப்பு

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வாசலுக்கு எதிரே நான் வழக்கமாக டீ குடிக்கும் கடை. போன வாரம் அங்கே ஒரு பையன், பத்து வயதிருக்கும். சவுக்கு வெட்டப் போன இடத்தில் அப்பாவுக்குக் காலில் அடி, உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திண்டிவனம் பக்கத்து இருளர் பழங்குடிக் குடும்பம். காத்திருக்கிற நேரத்தில் பையன் கண்டக்டர் ஆகிவிட்டான். பிஸ்கட் காகிதங்களை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு, ஒரு தோளைத் தாழ்த்தி, இல்லாத கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான். சில்லறை இல்லாத ஒரு கிழவியிடம் சலித்துக்கொண்டான். பிறகு அந்தக் கிழவியாகவும் மாறி முந்தானை முடிச்சை அவிழ்த்தான். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சார், இவன சினிமால சேத்து உடுங்க.”

“சேத்துட்டா போச்சு” என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் வயநாட்டு மணியின் ஞாபகம் வந்தது.

2006இல் மோகன்லால் நடித்து ரஞ்சன் பிரமோத் இயக்கிய ‘போட்டோகிராஃபர்’ என்ற மலையாளப் படத்தில் தாமி என்ற பழங்குடிச் சிறுவனாக வந்தவர் மணி. அவரே வயநாட்டுப் பழங்குடிச் சிறுவன்தான். சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான கேரள அரசு விருது கிடைத்தது. கேரளமே கொண்டாடியது. அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. படிப்பு நின்றது, கூலி வேலை தொடங்கியது. அடுத்த படம் 2018இல் வந்த உண்ணிகிருஷ்ணன் ஆவளாவின் ‘உடலாழம்’. அதில் ஆண் உடலுக்குள் பெண்ணாக உணர்கிற குளிகன் என்ற பழங்குடி மனிதராக நடித்தார். தேர்ந்த நடிகர்களே யோசிக்கிற பாத்திரம்.

நடுவில் 12 வருடம். ஒரு நடிகனின் நடிப்பு வாழ்க்கை என்று நாம் எழுதும்போது படங்களைத்தான் வரிசையாக அடுக்குகிறோம். மணியின் கதையில் எழுத வேண்டியது அந்த 12 வருடத்தை. முதல் வாய்ப்பு யாருக்கும் வரலாம். காட்டு முகம் ஒன்று தேவைப்படும்போது கேமரா தானே மலையேறி வரும். படம் முடிந்ததும் ஜெனரேட்டர் வண்டியோடு அதுவும் இறங்கிவிடும். இரண்டாவது அழைப்பு வந்தால்தான் அது தொழில். அதற்கு நகரத்தில் ஒரு அறை வேண்டும், மேனேஜர்களின் போன் நம்பர் வேண்டும், சும்மா இருக்கிற மாதங்களில் சோறு போட ஒருவர் வேண்டும்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே கதைதான். பிளாக்ஃபீட் பழங்குடி மரபைச் சேர்ந்த லில்லி கிளாட்ஸ்டோன் 2016இல் ‘செர்டன் விமன்’ படத்தில் பேர் வாங்கியவர். 2020இல் நடிப்பு போதும் என்று டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்க, கார்டைக் கையில் எடுத்துப் பணம் கட்டப்போகிற நேரத்தில் இயக்குநர் ஸ்கார்செஸியிடமிருந்து மெயில் வந்ததாம். 2024 ஜனவரியில் ஸ்கார்செஸி படத்துக்காகக் கோல்டன் குளோப் வாங்கியபோது மேடையில் முதலில் பிளாக்ஃபீட் மொழியில் பேசினார். அந்த மெயில் ஒரு நாள் தாமதமாக வந்திருந்தால்? ‘ரிசர்வேஷன் டாக்ஸ்’ தொடரில் நடித்த பழங்குடி இளைஞர்களுக்கு இந்தப் பதற்றம் கொஞ்சம் குறைந்திருக்கும். எழுதியவர்களும் இயக்கியவர்களும் அவர்கள் ஆட்களே. மூன்று சீசன் ஓடியது.

நம் பக்கம் ‘ஜெய் பீம்’ வந்தது 2021இல். இருளராக நடித்த மணிகண்டனையும் லிஜோமோல் ஜோஸையும் குறை சொல்ல மாட்டேன். லிஜோமோல் இருளர் குடும்பங்களோடு பழகி, எலி பிடிக்கக் கற்றுக்கொண்டு நடித்தார். அசல் உழைப்பு. ஆனால் அதைச் சொல்லிக்கொடுத்த இருளர்களுக்கு இன்னொரு படத்தில் ஒரு வேடம் கேட்டு யாராவது போயிருப்பார்களா? வேடம் இருக்கட்டும், சாதிச் சான்றிதழுக்கே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்து செருப்புத் தேய்ந்த சனம் அது. திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி பல வருடமாக அவர்களுக்காக மனுவும் கையுமாக அலைகிறார்.

புதுச்சேரியில் எங்கள் கோரிமேட்டில் இந்தச் சான்றிதழ் கதை இன்னும் வேடிக்கை. ரோட்டில் கொஞ்சம் வடக்கே நடந்தால் தமிழ்நாடு. (எல்லை எங்கே என்று கேட்டால் இங்கே கடைசி சாராயக்கடையைக் காட்டுவார்கள்.) அந்தப் பக்கம் இருளர் பட்டியல் பழங்குடி. இந்தப் பக்கம் 2016 டிசம்பர் வரை பட்டியல் பழங்குடி என்று ஒருவருமே கிடையாது. அந்த மாதம்தான் வில்லி, வேட்டைக்காரன் உட்பட இருளரைப் பட்டியல் பழங்குடியாக அறிவித்துப் புதுச்சேரிக்கு ஆணை வந்தது. அதுவரை ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் குடியிருந்தால் ஆளுக்கொரு சாதி.

இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருக்கையில் பையனின் அப்பா கட்டுக்காலோடு வந்துவிட்டார். திண்டிவனம் பஸ்ஸும் வந்தது. அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுப் பையன் படியிலேயே நின்று கண்டக்டரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் கிளம்பியது.

“நம்பர் வாங்கனீங்களா சார்?” என்றார் மாஸ்டர்.

பேர்கூடக் கேட்கவில்லை.