தலையெழுத்தும் டாக்டர் பட்டமும்

"குறைபாடுள்ள சிறு குழந்தைகளின் கல்வியை ஆராய்வதற்கென்று சிலருக்குப் பல வருஷம் பொதுப்பணம் கொடுத்து டாக்டர் பட்டம் வரை படிக்க வைப்பது வீண் செலவல்லவா? தாயன்பு போதாதா?" என்று ஒரு நண்பர் நம்மைக் கேட்டார்.

தோழர்களே! இதற்கு விடை அமெரிக்காவின் ஐயோவா ராஜ்யத்தில் இருக்கிறது. அது சோளத்துக்கும் பன்றிக்கும் பேர்போனது. இவ்விரண்டையும் ஆராய்ச்சியால் விருத்தி செய்யலாமானால் குழந்தையை ஏன் செய்யக்கூடாது என்று கோரா பஸ்ஸி ஹில்லிஸ் என்ற அம்மையார் வாதாடினார். 1917-ல் அங்குள்ள சர்வகலாசாலையில் குழந்தை நல ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

அதைச் சேர்ந்த டாக்டர் ஹெரால்டு ஸ்கீல்ஸ், 1930-களில், மந்தபுத்தி என்று தள்ளப்பட்ட 13 குழந்தைகளை ஆள் போதாத அனாதை விடுதியிலிருந்து எடுத்து, புத்திக்குறைவுள்ள பெண்கள் வசித்த விடுதியில் விட்டார். அப்பெண்கள் அவர்களைத் தூக்கிக் கொஞ்சிப் பேசி விளையாடினார்கள். அனாதை விடுதியிலேயே கிடந்த 12 குழந்தைகளின் பதிவுகளைப் பிற்பாடு ஒப்பிட்டார். ஆரம்பத்தில் இந்த 12 பேரே கெட்டிக்காரர்கள். ஆனால் அந்த 13 பேரின் புத்தியளவு சராசரி 28 புள்ளி ஏறிற்று. இவர்களுடையது 26 புள்ளி இறங்கிற்று. 1966-ல் வெளியிட்ட கணக்கில் 13 பேரும் வளர்ந்து சொந்தக்காலில் நின்றார்கள். 12 பேரில் ஒருவர் இளவயதிலேயே விடுதியில் இறந்திருந்தார், நால்வர் இன்னும் விடுதியிலேயே இருந்தார்கள்.

முதலில் இதைச் சொன்னபோது, "புத்தி பிறவியில் வருவது, மாறாது" என்று பெரிய படிப்பாளிகளே பரிகசித்தார்கள். நம்மவர் தலையெழுத்து என்பதை அவர்கள் ரத்தம் என்றார்கள். பெயர்தான் வேறு, மூடநம்பிக்கை ஒன்றே.

நண்பர் சொன்ன அன்பு அப்பெண்களிடம் தாராளமாக இருந்தது. ஆனால் அன்பு பலித்தது என்பதை அளந்து, ஒப்பிட்டு, பல வருஷம் கழித்தும் சரிபார்த்து ருசுப்படுத்தியது பயிற்சி பெற்ற மூளையல்லவா?

13 பேர் சொற்பந்தானே என்றால், ஆம், சொற்பந்தான். ஆகவேதான் இன்னும் பல ஆராய்ச்சியாளர் வேண்டுமென்கின்றோம். அமெரிக்கர் 1975-ல் குறைபாடுள்ள குழந்தைகளின் கல்விக்குச் சட்டம் செய்தார்கள். 1986-ல் அதைக் கைக்குழந்தை வரை விரித்தார்கள். ஆனால் காது கேளாத குழந்தைக்கு எது பலிக்கும், பேச்சு வராத குழந்தைக்கு எது பலிக்கும் என்று சட்டம் சொல்லாது. தன் நம்பிக்கையையே சந்தேகித்துச் சோதிக்கக் கற்றவன்தான் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கொடுக்காத டாக்டர் பட்டம் பெயருக்குப் பின்னால் தொங்கும் வாலேயாகும்.

அந்த 12 பேரின் தலையெழுத்தை எழுதியது யார்? கடவுளா, ரத்தமா? இரண்டுமல்ல. ஆராயாமல் கைவிட்ட மனிதரேயாவர்!