பிக்கப்புல பிக்கப் இல்லையா? உடனே பம்ப்பை இறக்காதீங்க!

பழைய பிக்கப் வண்டி வச்சிருக்கிறவர் பட்டறைக்குப் போய்ச் சொல்ற முதல் வார்த்தை: "அண்ணே, வண்டியில பிக்கப்பே இல்லண்ணே." பட்டறையில வர்ற பதில்: "பம்ப்பை இறக்கணும்." கொஞ்சம் தைரியசாலி மெக்கானிக்கா இருந்தா, "இன்ஜினையே இறக்கிப் பாத்துரலாம்."

இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல நடந்திருக்க வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு. சோதனை! அது மட்டும் நடக்கிறதே இல்லைங்க. நாடி பிடிச்சுப் பாக்காமலே வயித்தைக் கிழிக்கிற வைத்தியம் இது.

திருப்பாச்சூர் பக்கம் ரோட்டோரமா அரை மணி நேரம் நின்னு பாருங்க. டாடா 207, பொலேரோ பிக்கப், குட்டியானைன்னு வரிசையா போகும். காக்களூர் தொழிற்பேட்டை லோடு, சூளைச் செங்கல், காய்கறி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போற இரும்புன்னு எல்லாம் இவங்க தலையிலதான். பாதிப் பேருக்கு அந்த ஒரு வண்டிதான் பொழப்பு. வண்டி நாலு நாள் பட்டறையில நின்னா வருமானம் நிக்கும், தவணை நிக்காது. அதனாலதான் இந்த "இறக்கிப் பாத்துரலாம்" பேச்சைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

இத்தனைக்கும் பிக்கப்பே தயாரான ஊர் இது. இந்துஸ்தான் மோட்டார்ஸோட திருவள்ளூர் ஆலையிலதான், 2016ல ஸ்ரீசிட்டியில சொந்த ஆலை திறக்கிற வரைக்கும் இசுசு டி-மேக்ஸ் தயாராச்சு. ஆலைக்குள்ள ஒவ்வொரு போல்ட்டுக்கும் இத்தனை முறுக்குன்னு அளவு இருக்கும். அதே வண்டி வெளியில வந்து பத்து வருசமானா, அளவெல்லாம் போய் ஊகம் வந்துருது.

டீசல் இன்ஜின் ஒண்ணும் மர்மதேசம் இல்லைங்க. அதுக்கு வேண்டியது மூணுதான். போதுமான காத்து, சரியான நேரத்துல சரியான அளவு டீசல், நல்ல கம்ப்ரஷன். இதுல எது குறையுதுன்னு செலவு குறைஞ்ச இடத்துலேர்ந்து ஆரம்பிச்சுத் தேடணும்.

முதல்ல ஆக்சிலேட்டர் கேபிள். இன்ஜினை நிறுத்திட்டு ஒருத்தர் பெடலை முழுசா அமுக்கட்டும், இன்னொருத்தர் பம்ப் லீவர் கடைசி வரைக்கும் போகுதான்னு பாக்கட்டும். கேபிள் இழுத்துப்போயிருந்தா முழு டீசலே போகாது. இதுக்குச் செலவு பைசா கிடையாது.

அடுத்து ஏர் ஃபில்டர். நம்ம சூளைத் தூசிக்கும், கல்குவாரித் தூசிக்கும் அது எத்தனை நாள் தாங்கும்? அடைச்ச ஃபில்டரை வெளிப்பக்கத்துலேர்ந்து காத்தடிச்சா தூசி பேப்பருக்குள்ளதான் இறங்கும்.

அடுத்து டீசல் வழி. ஃபில்டர்ல தண்ணி நிக்குதா, டேங்க் மூடியோட மூச்சுத் துவாரம் அடைச்சிருக்கா? கொஞ்ச தூரம் நல்லா ஓடி, அப்புறம் இழுவை குறைஞ்சு, நிறுத்திட்டு எடுத்தா மறுபடி ஓடுற வண்டியில மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்'ஸுன்னு காத்து உள்ளே இழுத்தா, குத்தவாளி அந்தத் துவாரம்தான். பம்ப்புக்குப் போற லைன்ல ஒரு துண்டு கண்ணாடி ட்யூப் மாட்டிப் பாருங்க. குமிழ் ஓடினா எங்கேயோ காத்து இழுக்குதுன்னு அர்த்தம்.

டர்போ வண்டின்னா ஹோஸ் கிழிசல். அப்புறம் பிரேக். நாலு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் கையைக் கொண்டுபோங்க, தொட வேண்டாம். ஒண்ணு மட்டும் கொதிச்சா அங்கே பிரேக் பிடிச்சிட்டு இருக்கு. இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறலைன்னா கிளட்ச். இந்த ரெண்டுக்கும் இன்ஜினை இறக்கினா ஜென்மத்துக்கும் தீராது.

இதெல்லாம் சரியா இருந்தாத்தான் டாப்பெட் இடைவெளி, கம்ப்ரஷன் கேஜ், நாசில், கடைசியா பம்ப். மொத்தம் அரை நாள் வேலை.

அடுத்த அக்கிரமம் பம்ப் ஸ்க்ரூ. சீலை உடைச்சு டீசலைக் கூட்டி விட்டா வண்டி பறக்கிற மாதிரி இருக்கும், ஓனரும் சந்தோசமா காசு கொடுப்பார். காத்து கூடாம டீசல் மட்டும் கூடினா மிச்சம் கரும்புகைதான். சிலிண்டர்ல சூடு ஏறி ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டனும் போகும். மாசு சான்றிதழுக்குப் போறதுக்கு முன்னாடி அதே ஸ்க்ரூவைக் குறைப்பாங்க. பிஎஸ்-4க்கு முந்தின டீசல் வண்டிக்குப் புகை வரம்பு 65 எச்எஸ்யூ. பேப்பர்ல அது 'பாஸ்'. மறுநாள் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுல பின்னாடி நிக்கிற புள்ளைங்க மூச்சுல 'ஃபெயில்'.

புது வண்டிக்காரங்க சிரிக்க வேண்டாம். அங்கே ஸ்கேனர்ங்கிற பேர்ல இதே கூத்துதான். பி0087ன்னு கோட் வந்தா ரெயில்ல அழுத்தம் குறைவுன்னு மட்டும்தான் அர்த்தம். காரணம் அடைச்ச டீசல் ஃபில்டராகவும் இருக்கலாம். கோட் வந்த கையோட பம்ப்பை மாத்துறது, காய்ச்சல் அடிக்குதுன்னு கிட்னியை மாத்துற கதை.

மெக்கானிக்கை மட்டும் திட்டிட்டுப் போனா நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். மீதி நம்ம மேலதான். அரை நாள் தேடி, "கேபிள்தான் சார்"னு சொன்னவருக்கு நாம என்ன கொடுக்கிறோம்? "இதுக்கா இவ்ளோ?"ன்னு ஐம்பதை நீட்டுறோம். பம்ப்பை இறக்கினவருக்கோ பேசாம ஆயிரக்கணக்குல எண்ணி வைக்கிறோம். கண்டுபிடிச்சதுக்குக் கூலி இல்ல, கழட்டினதுக்குத்தான் கூலின்னா அவர் எதைச் செய்வார்? அவருக்கும் குடும்பம் இருக்கில்ல.

அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. சோதனைக்குன்னு தனியா கூலி பேசுங்க. ஒண்ணுமே மாத்தலைன்னாலும் அதைக் கொடுங்க. பதிலுக்கு அளவைக் கேளுங்க. கம்ப்ரஷன் நாலு சிலிண்டர்லயும் எவ்ளோ? டாப்பெட் எவ்ளோ இருந்தது, எவ்ளோ வச்சீங்க? பதில் சொல்றவர்கிட்ட வண்டியைக் கொடுங்க. "அதெல்லாம் அனுபவத்துல தெரியும்"ங்கிறவர்கிட்ட சாவியைத் திருப்பி வாங்கிட்டு வாங்க.

பி.கு: பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில ஐடில்ல ஒவ்வொரு நாசில் யூனியனா தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு கண்டுபிடிப்பாங்க. காமன் ரெயில் வண்டியில தயவுசெஞ்சு இதைச் செஞ்சுராதீங்க. லோடுல அழுத்தம் 1000 பாரைத் தாண்டுற லைன் அது. ஐடில்ல கூட டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிரும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.