பொட்டலத்தின் முதுகு

எழுத்தை நம்பிப் பிழைக்கிறவன் நான். கோழிக் கிறுக்கலில் வந்த கையெழுத்துப் பிரதிகளைப் படித்திருக்கிறேன். டாக்டர்களின் மருந்துச் சீட்டுக்கு அர்த்தம் பண்ணியிருக்கிறேன். ஆனால் சென்ற மாதம் என் அத்தை உள்ளங்கை அகலப் பொட்டலம் ஒன்றை நீட்டி, "நீதான் பெரிய எழுத்தாளனாச்சே, இதிலே உப்பு எவ்வளவு இருக்குன்னு படிச்சுச் சொல்லுடா" என்றபோது விழித்துக்கொண்டு நின்றேன்.

அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கும்படி டாக்டர் சொன்ன நாளிலிருந்து அதை ஒரு விரதமாகவே அநுஷ்டித்து வருகிறாள். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது. அப்பளம் கிடையாது. ரசத்தில் பாதி உப்பு. அதைச் சாப்பிடும் எங்கள் முகங்களைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வரும். இத்தனைக்கும் கொதிப்பு இறங்கவில்லை, டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதற்குப் பிறகுதான் அவளுக்கே சந்தேகம் வந்தது. பல்லுக்குச் சௌகரியமாக இருக்கிறதென்று காலையிலும் இரவிலும் அவள் வேகவைத்துச் சாப்பிட்டு வந்தது மசாலா ஓட்ஸ். பேரன் பெட்டியாக வாங்கிக் கொடுத்தது. பொட்டலத்தின் முகத்தில் காரட்டும் பட்டாணியும் சிரிக்கின்றன. போதாதற்கு ஒரு சிவப்பு இருதயம்.

முதுகைத் திருப்பினேன். கட்டெறும்பு அல்ல, பிள்ளையார் எறும்பு அளவில் எழுத்துக்கள், அத்தனையும் இங்கிலீஷ். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் சத்துக்களின் அட்டவணையில் உப்பு என்ற சொல்லே இல்லை. 'சோடியம்' என்று இருக்கிறது: 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராம். பொட்டலமோ 40 கிராம். ஆகவே சோடியம் 400 மில்லிகிராம். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு, அதாவது ஒரு கிராம். இரண்டு வேளைக்கு இரண்டு கிராம். வயது வந்தவர்கள் ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ரசத்தில் கிள்ளிக் கிள்ளிச் சேமித்ததையெல்லாம் அத்தை பொட்டலக்காரனிடம் வட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கொதிப்புக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல நான் டாக்டர் அல்ல. ஆனால் ஒரு கிழவிக்குப் பொட்டலத்தில் எவ்வளவு உப்பு என்று தெரிந்துகொள்ளப் பெருக்கல், வகுத்தல், ரசாயனம், இங்கிலீஷ், பூதக்கண்ணாடி ஆகிய ஐந்தும் வேண்டியிருந்தன. இதற்குப் பெயர் தகவல் தருவதா?

"லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்" என்று உபதேசம் செய்யும் கனவான்கள் பெருகிவிட்டார்கள். அந்த உபதேசத்தின் மேல்தான் எனக்குக் கோபம். படிக்க முடியாதபடி எழுதிவிட்டுப் படிக்கவில்லை என்று குற்றம் சாட்டுவது என்ன நியாயம்? சட்டத்தைப் பாருங்கள். உணவுப் பொட்டலங்களின் லேபிளுக்காக 2020-ல் வந்த விதிகளின்படி, விவரங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அல்லது தேவநாகரி எழுத்தில் ஹிந்தியில் இருக்க வேண்டும். வேறு மொழியையும் கூடச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லையாம்! 'தடையில்லை' என்பதுதான் தமிழுக்குச் சட்டம் அளித்திருக்கும் மரியாதை. ஆனால் இதே சரக்கை விற்பதற்குத் தொலைக்காட்சியில் எவ்வளவு அழகான தமிழ் பேசுகிறார்கள்! தாலாட்டு உண்டு, தாய்ப்பாசம் உண்டு, பாட்டி கைமணம் உண்டு. விற்கும்போது தமிழ், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் இங்கிலீஷ். உள்ளூர் மசாலாப் பொடிக்காரர்கள் சிலர் தமிழிலும் அச்சடிக்கிறார்கள். அவர்களால் முடிவது கோடிக்கணக்கில் விளம்பரத்துக்குச் செலவிடுகிறவர்களால் முடியாதா?

இங்கிலீஷ் படித்தவர்கள் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். 'ஒரு வேளைப் பங்கு' என்று ஓர் அளவு போட்டு, அது ஒரு நாள் தேவையில் எத்தனை சதவிகிதம் என்று காட்டுகிறார்கள். அந்தப் பங்கு எவ்வளவு? சில பிஸ்கட் பொட்டலங்களில் இரண்டே பிஸ்கட்! பிரித்த பொட்டலத்தில் இரண்டு பிஸ்கட் மட்டும் தின்றுவிட்டு மூடி வைக்கும் குழந்தையை நான் கதையில் எழுதினால்கூடப் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தச் சதவிகிதமும் யாருக்கான கணக்கு? நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி சாப்பிடும் வளர்ந்த மனிதனுக்கு. அவனுக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. பொட்டலத்தின் முகத்தில் கரடிக் குட்டியும் குரங்குக் குட்டியும் குழந்தையைக் கூப்பிடுகின்றன. முதுகில் இருக்கும் கணக்கோ குழந்தையின் தகப்பனாருக்கு.

சேர்த்த பொருள்களின் வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். இதைத் தெரிந்துகொண்டு படித்தால், முகத்தில் கோதுமைக் கதிர் ஆடும் பிஸ்கட்டின் முதுகில் முதல் சொல் 'சுத்திகரித்த கோதுமை மாவு' என்று இருந்தால் அது நம்முடைய பழைய மைதாதான் என்று புரியும். ஆனால் சர்க்கரைக்குப் பல அவதாரங்கள். சர்க்கரை, திரவ குளுகோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று நான்காகப் பிரிந்து நின்றால் ஒவ்வொன்றும் வரிசையில் கீழே இறங்கிவிடும். பங்காளிகளாகப் பிரிந்து வரியைக் குறைத்துக்கொள்ளும் மிராசுதார் தந்திரம்! மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு தூரத்துச் சொந்தக்காரரும் உண்டு. ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றக் கூடியவர், ஆனால் பெயரில் சர்க்கரையே இருக்காது.

இன்னொரு பக்கம், எண்களைக் கண்டால் விஷம் என்று அலறுகிறவர்களும் இருக்கிறார்கள். 500 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் நம் வீட்டு ஆப்பச் சோடா. 330 எலுமிச்சையில் இருக்கும் புளிப்பு. கண்டவர்கள் இப்படிப் பயப்படுவதும் படிக்க முடியாதபடி எழுதியதன் பலன்தான்.

எல்லாவற்றிலும் என் வயிற்றெரிச்சல் சின்னப் பொட்டலத்தைப் பற்றியது. மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத பொட்டலமானால், சேர்மானங்களையும் சத்து விவரத்தையும் அதில் அச்சிட வேண்டாம். பல பொட்டலங்களைச் சேர்த்து அடைத்த பெரிய கட்டில் இருந்தால் போதும். அந்தக் கட்டு யாரிடம் இருக்கிறது? பெட்டிக்கடைக்காரரிடம். பள்ளிக்கூட வாசலில் சில்லறை கொடுத்து மிட்டாய் வாங்கும் பையனுக்கு அந்த எறும்பு எழுத்தும் இல்லை.

"ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது, தமிழில் போட்டால் மட்டும் படித்துவிடுவார்களா?" என்று கேட்பார்கள். என் அத்தை எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் முதலில் தேடுவது பச்சைப் புள்ளியை. சைவம், அசைவம் என்று பிரித்துக் காட்டும் அந்த அடையாளங்கள் 2001 வாக்கில் வந்தன. அசைவத்தின் பழுப்பு வட்டம் பிற்பாடு முக்கோணமாயிற்று. அதைப் புரிந்துகொள்ள இந்தத் தேசத்தில் யாருக்காவது இங்கிலீஷ் வேண்டியிருந்ததா? யாராவது இரண்டரையால் பெருக்கினார்களா? ஆக, மனம் இருந்தால் சொல்ல வழி இருக்கிறது. முட்டை இருக்கிறதா என்று ஒரு புள்ளியில் சொல்ல முடிந்த சர்க்காருக்கு, உப்பு மிஞ்சியிருக்கிறது என்பதை ஒரு புள்ளியில் சொல்ல முடியாமல் போவானேன்?

சிலி என்ற சின்ன நாடு 2016-ல் அதைச் செய்தது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ வரம்பை மீறினால் பொட்டலத்தின் முகத்திலேயே கறுப்பு எண்கோணம், அதற்குள் 'அதிகம்' என்று அவர்கள் பாஷையில். அப்படிப்பட்ட பொட்டலங்களில் குழந்தைகளை மயக்கும் பொம்மைப் படங்களுக்கும் தடை. மெக்ஸிகோ 2020-ல் பின்தொடர்ந்தது. நம்மவர்கள் 2022 செப்டம்பரில் ஒரு நகல் திட்டம் வெளியிட்டார்கள். என்ன திட்டம்? நட்சத்திரம்! அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை. உப்பையும் சர்க்கரையையும் கொட்டிவிட்டுக் கொஞ்சம் நார்ச்சத்தையும் பருப்பையும் சிறுதானியத்தையும் தூவினால் பாவத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும் என்கிற பிராயச்சித்தக் கணக்கும் அதில் உண்டு. ஆகக் கெட்ட பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் நிச்சயம். நட்சத்திரம் என்றால் நம் ஊரில் பாராட்டு. ஹோட்டலுக்குக் கொடுப்பது, சினிமாக்காரர்களுக்குக் கொடுப்பது. எச்சரிக்கையை யாராவது நட்சத்திரத்தால் செய்வார்களா? 2024 ஜூலையில் சர்க்கரை, உப்பு, கெட்ட கொழுப்பு அளவுகளைத் தடித்த பெரிய எழுத்தில் போடவேண்டும் என்ற யோசனையை உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒப்புக்கொண்டது. பெரிய எழுத்து நல்லதுதான். ஆனால் புரியாத பாஷையைப் பெரிதாக எழுதினால் புரிந்துவிடுமா?

நான் கேட்பது, விற்கிற ஊரின் பாஷையில், பொட்டலத்தின் முகத்தில், 'உப்பு அதிகம்' என்ற இரண்டு சொல். சர்க்கரையாக இருந்தால் எத்தனை ஸ்பூன் என்று. இரண்டு சொல் அச்சடிக்க மசி அதிகம் செலவாகாது, விற்பனைதான் குறையும். குறையும் என்று அவர்களுக்கும் தெரியும்.

அத்தைக்குக் கணக்கைச் சொன்னேன். சற்று நேரம் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த இருதயத்தை எதுக்குடா போட்டான்?" என்று கேட்டாள். பிறகு, பெட்டியில் மிச்சம் இருந்த ஆறு பொட்டலங்களையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, வாங்க முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆறும் இப்போது என் மேஜைமேல், பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கின்றன.