ஒட்டின இடம் உடையாது எண்டு சொல்லாதேங்கோ

எங்கட கூட்டத்தில ஒருவன் பழைய பைக் ஒண்டு வாங்கினான். 150 சிசி, கறுப்பு. புதுப் பெயின்ற், புது ஸ்ரிக்கர், புது சீற் கவர். விற்றவர் "கம்பஸ் பெடியன் ஓடினது, விழுந்ததே இல்லை" என்றார். நாங்கள் நாலு பேர் சுத்தி நிண்டு பார்த்தோம். ரயர் பார்த்தோம், எஞ்சின் சத்தம் கேட்டோம், புத்தகத்தில் இருக்கிற நம்பரையும் பைக்கில் குத்தியிருக்கிற நம்பரையும் ஒத்துப் பார்த்தோம். எல்லாம் சரி. ஏழு மாதம் கழித்து ஆனையிறவு தாண்டி வரேக்க ஹாண்டில் ஆடத் தொடங்கியது. பிறேக் பிடித்தான், முன்பக்கம் ஒரு பக்கமாய் இழுத்தது, விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. பின்னால் பஸ் ஏதும் வராததால்தான் இதை இப்படி ஆறுதலாய் இருந்து எழுத முடிகிறது.

கராஜில் ராங்கைக் கழற்றினதும் கதை வெளியில் வந்தது. ஹாண்டில் தண்டு போகிற குழாய், அதாவது பைக்கின் கழுத்து, கீழ்க்குழாயோடு சேருகிற இடத்தில் பட்டி பூசி மேலே பெயின்ற். பட்டியைச் சுரண்டினால் தடித்த ஒரு பழைய ஒட்டு. ஒட்டுக்குப் பக்கத்தில் குழாயைச் சுற்றி முக்கால்வாசிக்கு வெடிப்பு. மெக்கானிக் அண்ணை எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்: "தம்பியவை, ஒட்டு உடையேல்ல பாருங்கோ. அது அப்பிடியே இருக்கு."

இந்த வசனத்தைத்தான் நாங்கள் பிடித்துக்கொள்ளுகிறோம். ஏனென்றால் சேசி ஒட்டுகிற இடமெல்லாம், பைக் விற்கிற இடமெல்லாம் ஒரே பல்லவி: "ஒட்டின இடம் உடையாது, அது புதுசிலும் பலம்." பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து. ஒட்டு உடையாது, பக்கத்தில் உடையும். சாதாரண பைக் ஒன்றின் குழாய்ச் சுவர் இரண்டு மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். அதுக்கு மேலே கேற்றுக்குப் போடுகிற மாதிரித் தடிப்பாய் ஒரு ஒட்டைப் போட்டால், அந்த இடம் மட்டும் வளையாத கட்டையாகிவிடும். றோட்டில் வருகிற ஒவ்வொரு குலுக்கலையும் ஒட்டின் ஓரத்தில் இருக்கிற, சூட்டில் குணம் மாறிப்போன மெல்லிய இரும்புதான் வாங்க வேண்டும். இரும்பு ஒரே நாளில் களைப்பதில்லை. ஏழு மாதம் எடுக்கலாம், இரண்டு வருசம் எடுக்கலாம். அதுக்குள்ளே பைக் மூன்று கை மாறியிருக்கும்.

இதை வாசித்துவிட்டு "அப்ப சேசி அடிபட்டால் பைக்கைத் தூக்கி எறிய வேணும்" என்று சொல்லுகிற ஆக்களோடும் எங்களுக்குச் சண்டைதான். எறியச் சொல்லுவது ஆர்? எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கக் கூடியவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022 இல் இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் சில கிழமைக்குள் முந்நூற்று அறுபதுக்குப் போனது. அந்த ஐந்து வருசமும் விடிய நாலு மணிக்கு மீன் எடுக்கப் போகிறவர் எந்தப் பைக்கை எறிவது? எங்கட அப்பாமாரின் காலம் இன்னும் மோசம். 90களில் பொருளாதாரத் தடைக்குள், கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் பைக் ஓட்டின ஊர் இது. திருத்துவது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைத்த வழி. அதைக் கேவலமாய்ப் பேச நாங்கள் விடமாட்டோம்.

அதோடு, எறியச் சொல்லுவது தொழில்நுட்பமாயும் பிழை. எங்கட றோட்டில் ஓடுகிற சாதாரண பைக்குகளில் பெரும்பாலானவை மென்னிரும்புக் குழாயில் செய்தவை. ஒட்டுக்கு நன்றாய் இணங்குகிற இரும்பு. ஆனால் ஒழுங்காய்ச் செய்ய வேலை இருக்கிறது. முதலில் எஞ்சின், ராங்க், வயர், பற்றரி எல்லாம் இறங்க வேணும். பிறகு அளக்க வேணும். பெரிய மெசின் இல்லாவிட்டால், பின் சில்லின் இரண்டு பக்கமும் நூல் பிடித்து முன் சில்லு வரை இழுத்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்: இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாய் இருக்கிறதா, இல்லையா? கழுத்து பின்னுக்குப் போயிருந்தால் சேசியை இறுக்கிப் பூட்டி வைத்து, மெதுவாய் இழுத்து நிமிர்த்த வேணும். காஸ் போட்டுச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கி, சுத்தியலால் அடித்து, தண்ணீர் ஊத்துகிற வித்தையை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். அது நிமிரும், பலம் போய்விடும். வெடித்த குழாய் என்றால் வெடிப்பை முழுதாய் வெட்டி எடுத்து, உள்ளுக்கு ஒரு துண்டுக் குழாயைச் செருகி, விளிம்பைச் சாய்வாய்ச் சீவி, மிக் அல்லது ரிக் மெசினால் ஒட்ட வேணும். ஈரம் பிடித்த குச்சியால் வெடிப்புக்கு மேலே பூசி மெழுகுவது ஒட்டு இல்லை, மருந்து கட்டுற மாதிரி. (இன்னொன்று: எர்த் கிளிப்பைச் சில்லில் கொழுவிவிட்டு ஒட்டுகிற ஆக்கள் இருக்கினம். கரன்ற் பெயாரிங்குக்குள்ளால் போய் அதையும் கெடுத்துவிடும். ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கொழுவுங்கோ.)

ஒட்டின பிறகு சோதிக்க ஆய்வுகூடம் வேண்டாம். பெயின்ற் இல்லாத இரும்பில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, நல்லாத் துடைத்துவிட்டுச் சோக்குத் தூளைப் பூசுங்கோ. மேற்பரப்பில் வெடிப்பு இருந்தால் மண்ணெண்ணெய் கசிந்து கோடு போடும். உள்ளுக்குள் இருக்கிற ஓட்டையை இது காட்டாது, ஆனால் ஒன்றும் பார்க்காமல் விடுகிறதை விடப் பல மடங்கு மேல். பட்டி பூசின பிறகு இதைச் செய்ய முடியாது. எதுக்குப் பட்டி பூசுகினம் என்று இப்ப விளங்குதோ?

தொடக் கூடாத இடங்களும் இருக்கு. மடிந்து சுருங்கின குழாயை நிமிர்த்தி வைத்தால் பார்வைக்கு நேர், ஆனால் மடிப்பு மடிப்புத்தான், அந்தத் துண்டை மாத்த வேணும். கழுத்தே பிய்ந்து வந்திருந்தால் ஊர்க் கராஜில் அதுக்கு மருந்து இல்லை. அலுமினியத்தில் கைவைக்கிறது வேறு படிப்பு. இன்னொரு சேசியில் பழைய நம்பரை வெட்டி ஒட்டுகிறது திருத்தம் இல்லை, களவு.

சரி, பிழை ஆரில்? ஒவ்வொரு வருசமும் வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள், இன்சூரன்ஸ் கேட்கிறார்கள். புகை எவ்வளவு வருகிறது என்று பார்க்கிற அரசாங்கத்துக்கு, எங்கட தனியார் பைக்கின் கழுத்து இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுவதில்லை. நாட்டில் பதிந்த வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்தான் என்பதையும் சேர்த்து வாசியுங்கோ.

ஆனால் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு எழும்பிப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த வெல்டிங் அண்ணை ஒருவர் இருக்கிறார். ஏன் இப்படிப் பூசி மெழுகுறீங்கள் என்று கேட்டோம். அவர் சொன்னார்: "என்னட்ட வாறவன் ஒருத்தனும் பலமா ஒட்டித் தாங்கோ எண்டு கேட்டதில்லை. தெரியாம ஒட்டித் தாங்கோ எண்டுதான் கேக்கிறவங்கள்." ஒட்டைக் கிரைண்டர் போட்டு மட்டமாய்ச் சீவுவதும் அதுக்குத்தான். சீவச் சீவ ஒட்டின் பலமும் சேர்ந்து போகும். அவருக்கு அது தெரியும். கேட்கிறவனுக்கும் அரைகுறையாய்த் தெரியும். இரண்டு நாள் வேலைக்கு அரை நாள் கூலி கொடுத்துவிட்டு, அதிலேயும் ஐந்நூறு குறைக்கச் சொல்லுகிறவர்கள் நாங்கள்தான்.

ஆகவே எங்கட கோரிக்கை பெரிசில்லை. ஒட்டினால் பெயின்றுக்கு முதல் படம் எடுங்கோ. ஆர் ஒட்டினது, எப்ப, எந்தக் குழாய் என்று ஒரு கடதாசியில் எழுதி வாங்குங்கோ. விற்கும்போது அந்தப் படத்தைக் காட்டுங்கோ. "காட்டினால் விலை விழுமே" என்பீர்கள். விழும். அதுதான் அந்தப் பைக்கின் விலை. மிச்சம் நீங்கள் வாங்குகிற காசு அடுத்தவனின் காறை எலும்புக்கு.

இதை எழுதுகிறது சுகம். எங்கட பெடியனின் பைக்கை அந்த மெக்கானிக் அண்ணையும் வெல்டிங் அண்ணையும் சேர்ந்து மேலே சொன்ன மாதிரியே திருத்தினார்கள். நாலு நாள் எடுத்தது. கை சுகமானதும் அவன் அதை விற்கப் போகிறேன் என்றான். சொல்லி விற்கிறதா, சொல்லாமல் விற்கிறதா என்று ஒரு பின்னேரம் முழுக்க அடிபட்டோம். எங்களுக்குள்ளேயே இரண்டு பேர், "இப்ப ஒழுங்கா ஒட்டித்தானே இருக்கு, ஏன் சொல்லுவான்?" என்றார்கள். அவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, பினான்ஸ் கடன். எங்களில் ஒருவருக்கும் அவனிடம் கொடுக்கக் காசில்லை. அதனால் அந்த இரண்டு பேரையும் நாங்கள் இலேசில் திட்டவும் இல்லை.

கடைசியில் ஒட்டின இடத்தின் படத்தோடு விளம்பரம் போட்டான். மூன்று கிழமை ஆகிறது. விசாரித்தவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார்கள். போன ஞாயிறு ஒரு தரகர் எடுத்தார். "தம்பி, அந்தப் படத்தை மட்டும் தூக்கிவிடும், நான் இண்டைக்கே காசோட வாறன்." அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தான். பிறகு, இல்லை அண்ணை, படம் இருக்கட்டும் என்றான்.

பைக் இன்னும் அவன்ர வீட்டு விறாந்தையில்தான் நிற்கிறது.