எலி சொல்லாத சாட்சியம்

கேரளத்துத் திருப்பூணித்துறையில் பூர்ணத்திரயீசர் கோயில் விருச்சிக உற்சவத்துக்கு வருகிற பெரியவர்கள், மேளத்தின் தாரதம்மியத்தைப் பற்றி வாதாடி ஓய்ந்த பிறகு, எனக்கு எல்.டி.எல். இத்தனை, உனக்கு எச்.டி.எல். எத்தனை என்று ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பற்றியும் அதே ஆவேசத்தோடு வாதாடுகிறார்கள். முடிவில் பழியெல்லாம் தேங்காயெண்ணெய் மீது விழுகிறது. அந்த எண்ணெய்க்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அதன் கொழுப்பில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற வகை என்பதும், ரத்தக்குழாயில் படியும் எல்.டி.எல்.லை அது உயர்த்துகிறது என்பதும் நிரூபணமானவையே. ஆயினும் உண்ட கொழுப்பு எங்கே போய்ச் சேரும் என்பதை நிர்ணயிப்பவை ரத்தத்தில் உலவும் சில புரதங்கள். அவற்றைப் பற்றி விஞ்ஞானம் அறிந்ததில் கணிசமான பகுதி சோதனைச்சாலைச் சுண்டெலிகளின் சாட்சியம். அந்தச் சாட்சியோ நமக்கு மிக முக்கியமான ஒரு கேள்விக்கு வாய் திறப்பதேயில்லை.

மனித ரத்தத்தில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை எல்.டி.எல். சுமக்க, எலியின் ரத்தத்தில் எச்.டி.எல். சுமக்கிறது. எச்.டி.எல்.லிலிருந்து கொலஸ்ட்ராலை வாங்கி மற்றத் துகள்களுக்கு மாற்றிக் கொடுக்கும் சி.இ.டி.பி. என்ற புரதம் எலிக்கு ஜன்மத்திலேயே கிடையாது என்பது அதற்கொரு முக்கிய காரணம். ஆகவே சாதாரண எலியின் ரத்தக்குழாய் லேசில் அடைபடாது. 1992-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், கொழுப்புத் துகள்களைக் கல்லீரலுக்கு அடையாளம் காட்டும் அபோ-இ என்ற புரதத்தை இல்லாமற் செய்த பிறகுதான், வழக்கமான தீனியிலேயே கொலஸ்ட்ரால் ஐந்து மடங்குக்குக் குறையாமல் ஏறி, நமக்கு வருவது போன்ற படிவு எலியின் குழாய்ச் சுவரில் தோன்றிற்று.

சி.இ.டி.பி.யை மனிதரிடத்தில் முடக்கும் டார்செட்ரபிப் என்ற மருந்தைச் சுமார் 15,000 பேர் பங்குகொண்ட சோதனையில் கொடுத்துப் பார்த்தபோது எச்.டி.எல். 72 சதவிகிதம் உயர்ந்தது; மரணங்களும் கூடவே உயர்ந்தன; 2006 டிசம்பரில் சோதனை நின்றது. ரத்தத்தை எலியினுடையதைப் போல ஆக்கிவிட்டால் மட்டும் போதாது போலும்! பி.சி.எஸ்.கே.9 என்ற இன்னொரு புரதத்தின் விஷயத்தில் எலியின் சொல் பலித்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்: 2005-இல் அப்புரதம் நீக்கப்பட்ட எலியின் கொலஸ்ட்ரால் இறங்கிற்று, அதைத் தடுக்கும் ஊசி 2015-இல் உபயோகத்துக்கு வந்தது.

எலி வாய் திறவாத விஷயம், 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்த, மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும் லிப்போபுரோட்டீன்-ஏ. எல்.டி.எல். போன்ற ஒரு துகளோடு இன்னொரு புரதம் பிணைந்த இந்த ரூபம் எலிக்கு இல்லை. மனித மரபணுவைப் புகுத்தியபோதும் அப்புரதம் எலியின் துகளோடு சரியாக ஒட்டவில்லை. நம்மில் இதன் அளவை நிர்ணயிப்பது பெரும்பாலும் வம்சமே. எண்ணெயை மாற்றினாலும், விடியற்காலையில் நடந்தாலும் அது அநேகமாக அசைவதில்லை. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவு இந்தியரில் நால்வரில் ஒருவருக்கு இருக்கிறதென்று சொல்லி, ஆயுளில் ஒரு முறையேனும் இதைப் பார்க்கவேண்டும் என்று இந்திய இருதயவியல் சங்கம் 2024-இல் யோசனை கூறியது.

ஆனால் வாடிக்கையான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் இது சேர்வதில்லை. குறைக்க முடியாததை அறிந்து என்ன பயன் என்று கேட்பார்கள்; அறிந்தவர் எல்.டி.எல்., ரத்த அழுத்தம், புகை ஆகிய மற்றவற்றிலாவது சலுகை கொடாமல் இருக்கலாம். 2007 முதல் 2009 வரை 125 மருத்துவமனைகளில் 25,748 மாரடைப்பு நோயாளிகளைப் பதிவு செய்த கேரளம், தகப்பனார் ஐம்பதுக்குள் மாரடைப்பில் போன வீட்டுப் பிள்ளைகளுக்கேனும் இப்பரிசோதனையைத் தாலுக்கா ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்யலாம். ஒரு முறை செய்தால் பெரும்பாலும் போதுமாகையால், கஜானாவுக்கும் இது தாங்கமுடியாத பாரமன்று.