மின்கலப் பெட்டியும் லேசர் அச்சுப்பொறியும்

ஐப்பசித் திங்கள் பிறந்துவிட்டால், பாறசாலை, நெய்யாற்றங்கரை வட்டாரத்தில் வாழும் நம் குடும்பத்தார்க்கு மாலைப்பொழுது இடியோடும் மின்னலோடும் வருவது புதிதன்று. மின்சாரம் நின்றுபோவதும் உண்டு. பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பம் கணிப்பொறியில் பாதி எழுதப்பட்டிருக்கும்போது அவ்வாறு நேர்ந்தால், பெற்றோர் படும் பாட்டை நாம் அறிவோம்.

1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று முதல், எல்லையின் இருபுறமும் உறவும் நிலமும் உடைய குடும்பங்கள் இரண்டு அரசுகளின் அலுவலகங்களுக்கும் தாள் சுமக்கின்றன. ஆகவே, வீட்டில் அச்சுப்பொறி வைத்துக்கொள்வது ஆடம்பரமன்று. ஆயின், யூ.பி.எஸ். என்று வழங்கும் மின்கலப் பெட்டியில் கணிப்பொறியோடு லேசர் அச்சுப்பொறியையும் இணைத்துவிடுவது பெரும்பிழை.

அப்பிழையை நாமே ஒருமுறை செய்தோம். மின்சாரம் நின்றது, பெட்டி கணிப்பொறியைத் தாங்கிற்று. எழுதியது பறிபோகுமுன் தாளில் வந்துவிடட்டும் என்று அச்சிடக் கட்டளையிட்டோம். மறுகணமே பெட்டி ஓலமிட்டு அணைந்தது. தாளும் வரவில்லை, ஒரு மணி நேரம் எழுதியதும் போயிற்று.

இதற்குக் காரணம் பொறியின் இயல்பே. லேசர் அச்சுப்பொறியை அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் என்னும் பொறியியலாளர் 1971-ஆம் ஆண்டளவில் இயங்கும் நிலைக்குக் கொணர்ந்தார். அதில் ஒளிக்கதிர் ஓர் உருளையின்மேல் எழுத்தை வரைகிறது. நுண்ணிய மைத்தூள் அவ்விடங்களில் ஒட்டித் தாளுக்கு மாறுகிறது. அத்தூளை உருக்கித் தாளில் பதிக்க, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சும்மா இருக்கையில் சில வாட்டே உண்ணும் பொறி, அவ்வெப்பத்தை மூட்டும் கணத்தில் 800 அல்லது 1000 வாட் வரையிலும் இழுக்கக்கூடும். அச்சிடுகையில் இவ்விழுப்பு விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் நிகழும்.

வீடுகளில் பெரிதும் காணப்படுவது 600 வி.ஏ. பெட்டி. பெயரில் 600 என்றிருப்பினும், அது தாங்கும் சுமை பெரும்பாலும் 360 வாட்டே. கணிப்பொறிக்கும் திரைக்கும் 150 வாட் போதுமாதலால், அவற்றை அது எளிதில் காக்கும். ஆயிரம் வாட்டை அதனிடம் கேட்பது, கைக்குழந்தையின் தலையில் நெல்மூட்டையை ஏற்றுவது போன்றது.

ஆதலின் நம் குடும்பத்தார் செய்யத்தக்கவை இவை. கணிப்பொறி, திரை, இணையப் பெட்டி ஆகியவற்றை மட்டும் மின்கலத்தோடு இணையுங்கள். லேசர் அச்சுப்பொறியை எர்த் உள்ள சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். இடிமின்னல் தொடங்குமுன் அதனைப் பிடுங்கிவிடுங்கள். மின்கலத்தில் அச்சிட்டே தீரவேண்டுமெனில், மைத்துளி தெளிக்கும் இங்க்ஜெட் பொறியை நாடுங்கள். சூடேற்றும் வேலை அதிகமில்லாததால் வீட்டு இங்க்ஜெட்டுக்குச் சில பத்து வாட்டே போதும். மின்கலமும் சாகாவரம் பெற்றதன்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் வலிமை குன்றிவிடும்.

மின்சாரம் நின்றவுடன் எழுதியதைச் சேமித்து, கணிப்பொறியை முறையாக நிறுத்துங்கள். பெட்டி தரும் சில நிமிடங்கள் அதற்காகவே. தாள் மறுநாளும் வரும். சேமிக்காத எழுத்து வாராது. மறுநாள் வரை பொறுக்க இயலாத அவசரமாயின், எழுதியதைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு களியக்காவிளைக்குச் செல்லுங்கள். அங்கு மின்சாரம் தருவது வேறு மாநிலத்து வாரியம். நம் தெரு இருண்டிருக்கும் மாலையில் அந்தக் கடைவீதியில் விளக்கு எரிந்துகொண்டிருக்கக் கூடும். நம் உறவைப் பிரித்த எல்லை அவ்வளவேனும் நமக்கு உதவட்டும்.